டிரான்ஸ்பாண்டர் எரியுது, செய்தி போகலை: ஆழ்கடல் படகில் பிழையை எங்கே தேடுவது?

#1 வள்ளவிளை விசைப்படகு

65 அடி இரும்புப் படகு. 24 வோல்ட் லைன், 12 வோல்ட் பேட்டரி இரண்டு தொடராக. அரசுத் திட்டத்தில் கிடைத்த இருவழி டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோள் வழியா கரைக்குச் செய்தி அனுப்பி வாங்கும் கருவி) வீல்ஹவுஸ், அதாவது படகை ஓட்டும் அறையின் கூரையில் இருக்கு. தடைக்காலத்துக்கு முன்னால் ஒழுங்கா வேலை செய்தது. தடைக்கால வேலையில் கூரைக்கு வெள்ளிப் பெயின்ட் அடிச்சாச்சு, வலை காயப்போட மேலே ஜி.ஐ. தகட்டுப் பந்தலும் போட்டாச்சு.

இப்போ மூணு குறை. ஒண்ணு, செய்தி அனுப்பினால் போனில் "அனுப்பப்பட்டது"ன்னு நிக்குது, கிடைத்ததற்கான பதில் வரலை. ரெண்டு, போன் சில நேரம் கருவியோடு சேருது, சில நேரம் சேரலை. மூணு, வி.எச்.எஃப்.-ல் (படகுக்குப் படகு பேசும் ரேடியோ) பேச பட்டனை அழுத்தினால் டிரான்ஸ்பாண்டர் விளக்கு அணைஞ்சு எரியுது. ஜூலை 31 தடை முடிஞ்சதும் கிளம்பணும். எதிலிருந்து தொடங்கலாம்?

#2 நீவாடு

மூணும் ஒரே பிழை இல்லை அண்ணே, மூணு தனிப் பிழை. சேர்த்துப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

முதல் குறைக்குக் காரணம் அந்தத் தகட்டுப் பந்தல். இந்தக் கருவி பேசுவது ஜிசாட்-6 செயற்கைக்கோளோடு. 2015 ஆகஸ்டில் ஏவினது, கிழக்கு 83 பாகையில் நிற்குது. குமரி முனையிலிருந்து கணக்குப் போட்டால் அடிவானத்துக்கு மேலே சுமார் 78 பாகை, அதாவது ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே. பக்கவாட்டில் பாய்மரக் கம்பம், டவர், சாமான் தூக்கும் இரும்புக் கை எது இருந்தாலும் பெரிய கவலை இல்லை. தலைக்கு மேலே இரும்போ அலுமினியமோ இருந்தால் மட்டும் கதை முடிஞ்சுது. இந்தக் கருவியின் எஸ்-பேண்ட் ரேடியோ அலை ஃபைபர் கூரையை ஊடுருவும், உலோகத் தகட்டை ஊடுருவாது. துறைமுகத்தில் எப்பவாவது ஒரு செய்தி போனால் அது தகட்டின் ஓரம் வழியா நழுவிப் போனது. நம்பக் கூடாது.

வெள்ளிப் பெயின்டும் பார்க்கணும். அதில் இருப்பது அலுமினியத் தூள். கருவியின் மூடி மேலேயும் பிரஷ் போயிருந்தால் அதுவே ஒரு மெல்லிய தகடு. சுரண்ட வேண்டாம், மூடியில் கீறல் விழுந்தால் உப்புத்தண்ணி உள்ளே இறங்கும். திட்டத்தின் சர்வீஸ் ஆளிடம் காட்டி மூடியை மாத்துங்க. ஈர வலையைக் கருவி மேல் குவிப்பதும் தகடு போட்டதற்குச் சமம்.

செய்ய வேண்டியது: பந்தல் மட்டத்துக்கு மேலே அரை மீட்டர் உயரும்படி துருப்பிடிக்காத குழாய் ஒண்ணு நிறுத்தி அதன் உச்சியில் வையுங்க. வி.எச்.எஃப். ஆன்டெனாவிலிருந்து குறைஞ்சது 1 மீட்டர் தள்ளி.

#3 பித்தளைமுனை

மூணாவது குறைக்கு நான் பதில் சொல்றேன். டிரான்ஸ்பாண்டருக்கும் வி.எச்.எஃப்.-க்கும் 12 வோல்ட் எங்கேயிருந்து எடுத்திருக்கு? இரண்டு பேட்டரியில் ஒண்ணின் மேலிருந்து மட்டும் எடுத்திருந்தால் அதுதான் வினை. 24 வோல்ட் படகுகளில் அடிக்கடி நடக்கும் தப்பு இது. அந்த ஒரு பேட்டரி மட்டும் காலியாகும். ஆல்டர்னேட்டருக்கு இரண்டின் மொத்தம்தான் தெரியும். அதனால் நல்லாயிருக்கும் பேட்டரி அளவுக்கு மேல் சார்ஜ் ஏறிக் கொதிக்கும், மத்தது எப்போதும் அரைவயிறாக் கிடக்கும். ஒரு வருஷத்தில் இரண்டும் போகும்.

சரியான வழி: இரண்டின் மொத்தத்திலிருந்து 24-லிருந்து 12-க்கு இறக்கும் கன்வெர்ட்டர், 20 ஆம்பியர் தாங்குவது. மின்னணுக் கருவிகளுக்கு அது தனியா இருக்கட்டும்.

அடுத்தது ஒயர். வி.எச்.எஃப். முழுச் சக்தியில், அதாவது 25 வாட்டில் பேசும்போது ஏறக்குறைய 6 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து வீல்ஹவுஸ் வரை 10 மீட்டர்னா போக வர 20 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 1.4 வோல்ட் வழியிலேயே போயிடும். 2.5-ல் 0.8. 4-ல் அரை வோல்ட். பேட்டரி 12.1-ல் இருக்கும்போது 1.4 போனால் மிச்சம் 10.7. ஃபியூஸ் ஹோல்டர் பச்சை பூத்திருந்தால் இன்னும் கீழே. கருவி அணைஞ்சு எரிவதுக்கு வேறே மர்மம் ஒண்ணும் இல்லை.

மல்டிமீட்டரை டிரான்ஸ்பாண்டர் முனையில் வெச்சுக்கிட்டு இன்னொருத்தரை வி.எச்.எஃப். பட்டனை 5 நொடி அழுத்தச் சொல்லுங்க. அழுத்தாதபோது எவ்வளவு, அழுத்தும்போது எவ்வளவு, இரண்டையும் இங்கே போடுங்க. பேட்டரி முனையிலும் அதே சோதனை. வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் மட்டும் வாங்குங்க. வீட்டு ஒயர் கடலில் ஒரே மழைக்காலத்தில் உள்ளுக்குள்ளேயே கறுத்துப்போகும்.

#4 அணியம்

இதெல்லாம் சரி. ஆனா அடிப்படையா ஒரு கேள்வி. டிரான்ஸ்பாண்டர் வந்த பிறகு வி.எச்.எஃப்.-க்கு எதுக்குக் கன்வெர்ட்டர், தடித்த ஒயர்னு செலவு? செய்தி செயற்கைக்கோள் வழியா எவ்வளவு தூரத்திலிருந்தும் போகுது. ஆபத்துப் பட்டன் இருக்கு. வீட்டுக்கும் சேதி சொல்லலாம். வி.எச்.எஃப். 10 மைல் தாண்டினால் கேக்கிறதில்லை. ஒரே கருவியை நல்லா வெச்சுக்கிறது மேல்ங்கிறது என் கருத்து.

#5 குளச்சல் அலை

கடுமையா மறுக்கிறேன். டிரான்ஸ்பாண்டர் கரையோடு பேசும், பக்கத்துப் படகோடு பேசாது. தண்ணி ஏறும் படகுக்கு முதலில் வந்து சேரக்கூடியது 6 மைலில் கிடக்கும் இன்னொரு படகோ, தெற்கே கடந்து போகும் சரக்குக் கப்பலோதான். அந்தக் கப்பலை ஓட்டும் அறையில் ஆபத்து அழைப்புக்கான வி.எச்.எஃப். 16-ம் சேனல் இரவும் பகலும் திறந்திருக்கும். இலங்கையைச் சுத்திப் போகும் பெரிய கப்பல் வழி நம்ம கடலுக்குத் தெற்கேதான் இருக்கு. அவங்களைக் கூப்பிட வி.எச்.எஃப். தவிர நம்மிடம் வேறே குரல் கிடையாது.

10 மைல் கணக்கும் ஆன்டெனா உயரத்தைப் பொறுத்தது. இரண்டு ஆன்டெனாவின் உயரத்துக்கும் (மீட்டரில்) வர்க்கமூலம் எடுத்துக் கூட்டி 2.2-ஆல் பெருக்கினால் கடல் மைலில் தூரம் வரும். இரண்டு படகிலும் 6 மீட்டர்னா 10.8 மைல். இரண்டிலும் 9 மீட்டர்னா 13. எதிரில் 30 மீட்டர் உயர ஆன்டெனா உள்ள கப்பல்னா நம்ம 6 மீட்டரிலேயே 17 மைல் கேக்கும். வாட்டை ஏத்தினால் இந்தத் தூரம் கூடாது. உயரத்தை ஏத்தினால்தான் கூடும்.

#6 பித்தளைமுனை

ஒண்ணு சேர்க்கணும். உயரத்தை ஏத்தினால் கேபிள் நீளும். மெலிஞ்ச ஆர்.ஜி.-58 ஆன்டெனா கேபிள் இந்த அலைவரிசையில் 10 மீட்டருக்கு ஏறக்குறைய 2 டெசிபெல் தின்னும். 20 மீட்டர் ஓட்டினால் 25 வாட்டில் 10 வாட்தான் மேலே போய்ச் சேரும். தடித்த ஆர்.ஜி.-213 போட்டால் இழப்பு அதில் பாதி. ஆன்டெனா முனையிலுள்ள பிளக்கை, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் கீழிருந்து மேலே சுத்தணும், அதுக்கு மேலே சாதா டேப். மேலிருந்து கீழே சுத்தினால் மடிப்பு ஒவ்வொண்ணும் தண்ணி பிடிக்கும் கிண்ணம். பிளக்கைக் கழற்றும்போது செம்பு பச்சையா இருந்தால் கேபிளை அரை மீட்டர் வெட்டிப் பாருங்க. அங்கேயும் பச்சைன்னா முழுக் கேபிளையும் மாத்தணும்.

அடுத்து எல்.இ.டி. விளக்கு. மலிவான எல்.இ.டி. டிரைவரும் மலிவான கன்வெர்ட்டரும் ரேடியோ இரைச்சல் கக்கும். கண்டுபிடிக்க: 16-ம் சேனலில் இரைச்சல் நிக்கிற எல்லைவரை ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் திருகு) திருப்பி வையுங்க. விளக்குகளை ஒவ்வொண்ணாப் போடுங்க. எதைப் போட்டதும் இரைச்சல் கிளம்புதோ அதுதான் குற்றவாளி. பகலில் நல்லாக் கேக்கும் ரேடியோ ராத்திரி மட்டும் செவிடாவதுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஜி.பி.எஸ். இடம் துள்ளுறதும் இதனால் வரலாம்.

#7 நீவாடு

அண்ணனின் ரெண்டாவது குறை, போன் சேராதது. கருவிக்கும் போனுக்கும் இடையே புளூடூத். எட்டுவது 10 மீட்டர் அளவு, இரும்புச் சுவர் நடுவில் வந்தால் 2 மீட்டர்கூட எட்டாது. இரும்பு வீல்ஹவுஸுக்குள் நின்னு சேரலைன்னா வாசலில் நின்னு பாருங்க.

போனில் பார்க்க வேண்டியது: இடங்காட்டி அணைஞ்சிருந்தால் பழைய ஆண்ட்ராய்டு போன்கள் புளூடூத் கருவியைத் தேடவே தேடாது. பேட்டரி மிச்சம்பிடிக்கும் அமைப்பு, பின்னால் ஓடும் செயலியைக் கொன்னுடும், இந்தக் கருவிக்கான நபமித்ரா செயலிக்கு மட்டும் அதை விலக்கி வையுங்க. கரை சிக்னல் போனதும் சார்ஜ் மிச்சமாகட்டும்னு விமானப் பயன்முறை போடுறது நம்ம ஆட்களின் வழக்கம். அப்போ புளூடூத்தும் சேர்ந்து அணையும், திரும்பப் போட்டுக்கணும்.

ஸ்ராங்கு (படகை ஓட்டுபவர்) போன் ஒண்ணில் மட்டும் செயலி வைக்கறது தப்பு. அந்தப் போன் தண்ணியில் விழுந்தால் செய்தி அனுப்ப வழியில்லை. குறைஞ்சது இரண்டு போனில் சேர்த்துப் பழகணும். கருவியிலுள்ள ஆபத்துப் பட்டனுக்குப் போன் தேவையில்லை, அது எங்கே இருக்குன்னு எல்லாருக்கும் தெரியணும். நம்ம படகுகளில் ஒடிசா, வங்காளம், அசாம் பிள்ளைகள் வேலை செய்யறாங்க. பட்டன் பக்கத்தில் தமிழில் மட்டும் எழுதி ஒட்டினால் அவங்களுக்குப் பிரயோசனமில்லை. படம் வரைஞ்சு ஒட்டுங்க, கிளம்பும் அன்னைக்கு கையைப் பிடிச்சுக் காட்டுங்க.

#8 வள்ளவிளை விசைப்படகு

பந்தலை மாத்தின பிறகு ஆபத்துப் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பார்க்கலாமா?

#9 நீவாடு

கூடவே கூடாது. அது உண்மையான தேடுதலைக் கிளப்பிவிடும். சாதாரணச் செய்தி ஒண்ணைக் கரைக்கு அனுப்புங்க, பதில் வந்தால் மேலே போகும் பாதை, கீழே வரும் பாதை இரண்டும் சரி. தெரியாமல் பட்டன் அழுந்திட்டா மறைக்காமல் உடனே கடலோரக் காவல்படையின் 1554-க்குச் சொல்லணும். கரை சிக்னல் இல்லாத இடம்னா கருவி வழியாவே "தவறுதலாக அழுத்தியது"ன்னு செய்தி அனுப்புங்க.

இந்த "பதில்" என்பதுதான் பெரிய மாற்றம். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி நம்ம கடலில் புயலாக மாறினபோது, பல நாள் தங்கல் படகுகள் முன்னமே ஆழத்தில் கிடந்தன. கரை எச்சரிக்கை அங்கே எட்ட வழியே இல்லை. அதுக்குப் பிறகு வந்த நாவிக் (இந்தியாவின் இடங்காட்டும் செயற்கைக்கோள்கள்) செய்திக் கருவியும் 2019-ல் வந்த ஜெமினி என்ற எச்சரிக்கை வாங்கும் கருவியும் ஒருவழி. புயல் சேதி படகுக்கு வரும், படகு வாங்கிச்சான்னு கரைக்குத் தெரியாது. இப்போதைய கருவியில் அது தெரியும்.

#10 அணியம்

வி.எச்.எஃப். விஷயத்தில் குளச்சல்காரர் சொன்ன கப்பல் கணக்கை ஏத்துக்கிறேன். அதை நான் யோசிக்கலை. அப்போ இன்னொண்ணு கேக்கிறேன். படகு கவிழ்ந்தால்? கருவி கூரையோடு தண்ணிக்குள்ளே போயிடுமே.

#11 குளச்சல் அலை

அதுக்குத்தான் மிதக்கும் ஆபத்துக் கருவி தனியா வேணும். 406 மெகாஹெர்ட்ஸ் இ.பி.ஐ.ஆர்.பி., பேட்டரி குறைஞ்சது 48 மணி நேரம் தாங்கணும்னு விதி. தானே அவிழும் பூட்டோடு உள்ளது, படகு முங்கி 1.5-லிருந்து 4 மீட்டர் ஆழத்துக்குள் தண்ணி அழுத்தத்தில் அவிழ்ந்து மேலே மிதக்கும். அந்தப் பூட்டுக்கு ஆயுள் 2 வருஷம், தேதி அதிலேயே எழுதியிருக்கும். கருவி புதுசா இருந்து பூட்டு செத்துப்போயிருந்தால் பிரயோசனமில்லை. பூட்டுக்கு மேலே வலையோ கயிறோ கட்டி வெச்சாலும் அதே நிலைதான். கருவியின் எண் படகு பேரில் பதிஞ்சிருக்கணும். பதியலைன்னா யார் படகுன்னு தேடுறதிலேயே நேரம் போகும்.

இஸ்ரோவின் டி.ஏ.டி., அதாவது ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவி, கையால் இயக்குவது. அதன் இரண்டாம் தலைமுறையில், ஆபத்துச் செய்தி கிடைச்சதுன்னு பதில் திரும்ப வரும். கையில் இருந்தால் அதைப் பூட்டி வைக்காதீங்க, லைஃப் ஜாக்கெட் இருக்கும் இடத்திலேயே தொங்கட்டும்.

#12 முட்டம் முதலுதவி

கடலில் நோய் வரும்போது இந்தக் கருவியை எப்படிப் பயன்படுத்துவதுன்னு யாரும் சொல்லலை. அதையும் பழகணும்.

"ஒருத்தருக்கு சுகமில்லை, உதவி வேணும்"னு அனுப்பினால் டாக்டரால் ஒண்ணும் செய்ய முடியாது. கேள்வி, பதில்னு நாலு தடவை போய்வரும்போது நேரம் கரையும். முதல் செய்தியே இப்படி இருக்கணும்: "ஆண் 48. நெஞ்சுவலி 30 நிமிடம், இடக்கைக்குப் பரவுது, வியர்வை. நினைவு உண்டு. மூச்சு 24, நாடி 110. சர்க்கரை உண்டு. மருந்து ஒண்ணும் கொடுக்கலை. இடம் 7 பாகை 20 நிமிடம் வடக்கு, 75 பாகை 10 நிமிடம் கிழக்கு. 8 நாட் வேகம், தேங்காப்பட்டணம் நோக்கி." மூச்சும் நாடியும் ஒரு முழு நிமிடம் எண்ணணும்.

இடத்தைப் பாகை நிமிடமா எழுதுறதா, தசமமா எழுதுறதான்னு படகுக்குள் ஒரே முறை வையுங்க. 7 பாகை 20 நிமிடத்தை 7.20-ன்னு எழுதினால் வடக்கு தெற்கில் மட்டும் 8 மைல் தப்பு. கிழக்கு மேற்கும் சேர்ந்தால் 9 மைல் வரும். ராத்திரி ஹெலிகாப்டர் தேடும்போது 9 மைல் பெரிய தூரம்.

வாய் கோணுது, ஒரு கை தூக்க முடியலை, பேச்சு குழறுதுன்னா அது பக்கவாதமாக இருக்கலாம். எந்த மணிக்குத் தொடங்கிச்சுன்னு எழுதணும், ஏன்னா ரத்தக்கட்டு கரைக்கும் ஊசிக்கு வழக்கமான வரம்பு நாலரை மணி நேரம். தண்ணியோ மாத்திரையோ வாயில் கொடுக்காதீங்க, புரையேறும். 180 மைலில் இருக்கும் படகு 8 நாட் வேகத்தில் (மணிக்கு 8 கடல் மைல்) வந்தால் 22 மணி நேரத்துக்கு மேலே ஆகும். செய்தி ஒரு நிமிடத்தில் போனாலும் படகின் வேகம் பழைய வேகம்தான். அதனால் கரைக்குச் செய்தி அனுப்பிய கையோடு 16-ம் சேனலில் பக்கத்துக் கப்பலைக் கூப்பிடணும். பெரிய கப்பலில் ஆக்சிஜனும் மருந்துப் பெட்டியும் இருக்கும்.

தூண்டில் முள் கண்ணிலோ கழுத்திலோ ஏறினால் பிடுங்கக் கூடாது. கயிற்றை அறுத்துவிட்டு, முள் அசையாமல் சுத்திக் கட்டி, செய்தி அனுப்புங்க.

#13 கணிச்சம்

கருவிப் பேச்சோடு கடல் பேச்சும் வேணும். கரையேறும்போது படகு சாவது பொழிமுகத்தில்தான், அதாவது ஆறு கடலில் சேரும் துறைமுக வாயிலில். தேங்காப்பட்டணம் முகவாயிலைத் தெரிஞ்சவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்காயிஸ் (கடல் நிலையைக் கணிக்கும் மத்திய அரசு மையம்) அனுப்பும் அலை எச்சரிக்கை இப்போ கருவியிலேயே வருது. நம்ம ஆட்கள் அதில் உயரத்தை மட்டும் படிச்சு "ஒன்றரை மீட்டர்தானே"ன்னு விடுறாங்க. பக்கத்தில் இருக்கும் நொடி எண்ணையும், அதாவது ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளியையும், படிக்கணும்.

#14 குளச்சல் அலை

மிகச் சரி ஐயா. ஒரு மீட்டர் அகல அலை முகப்பில் வரும் சக்தி, ஏறக்குறைய உயரத்தின் வர்க்கம் × நொடி × அரை, கிலோவாட்டில். 1.5 மீட்டர் உயரம், 6 நொடி இடைவெளின்னா 7 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் கீழே. அதே 1.5 மீட்டர், 18 நொடின்னா 20. உயரம் மாறாமலேயே மூணு மடங்கு. ஆழத்தில் படகைத் தாலாட்டிக்கிட்டுப் போகும் அந்த அலை, முகவாயில் மணல் திட்டில் தரை தட்டும்போது எழும்பி உடையும். இதுதான் கள்ளக்கடல். காத்து இருக்காது, வானம் தெளிஞ்சிருக்கும்.

இது பிறக்குறது தென் பெருங்கடல் புயலில். 18 நொடி அலைக்கூட்டம் நொடிக்கு 14 மீட்டர் நகரும், நாளுக்கு 1,200 கிலோமீட்டர். தெற்கு 40 பாகையிலிருந்து நம்ம கரைக்கு 5,300 கிலோமீட்டர். நாலு நாளுக்குமேல் ஆகும். அதனால்தான் இதை முன்கூட்டியே துல்லியமாச் சொல்ல முடியுது. 15 நொடிக்கு மேலே எண் கண்டால் எச்சரிக்கை முடியும்வரை முகவாய்க்கு வெளியே ஆழத்தில் நிக்கறதே நல்லது. ஐஸ் தீருதேன்னு உள்ளே நுழையக் கூடாது.

#15 அணியம்

கடைசியா ஒரு மனக்குறை. படகு நிக்கிற இடம் கரையில் எப்போதும் தெரியுது. பார் (மீன் கூடும் கடலடிப் பாறை) இருக்கும் இடம் தலைமுறையாக் கணிச்சம் பார்த்து, அதாவது கரையிலுள்ள அடையாளங்களை வெச்சு இடம் குறிச்சுக் கண்டது. அது ஊருக்கெல்லாம் போனால்?

#16 நீவாடு

ஏ.ஐ.எஸ். (கப்பல்கள் தங்கள் இடத்தைச் சொல்லும்) கருவி திறந்த அலையில் ஒலிபரப்புது, வாங்கும் கருவி உள்ள யாரும் பார்க்கலாம். டிரான்ஸ்பாண்டரின் இடம் செயற்கைக்கோள் வழியா அரசின் கண்காணிப்பு மையத்துக்குப் போகுது, பக்கத்துப் படகுக்குத் தெரியாது. ஆனா அந்தப் பதிவை யார் பார்க்கலாம், எத்தனை காலம் வைக்கலாம்னு எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியது நம்ம சங்கங்களின் வேலை. அந்தக் கேள்வி நியாயமானது, விடக்கூடாது.

கருவி தரும் கடல் எல்லை எச்சரிக்கையையும் முழுக்க நம்பக் கூடாது. தூண்டில் போட்டு எஞ்சினை அணைச்சுக் கிடக்கும் படகை 1.5 நாட் நீவாடு (நீரோட்டம்) 8 மணி நேரத்தில் 12 மைல் தள்ளும். எல்லைக் கோட்டுக்கு 15 மைல் முன்னாலேயே நம்ம கோட்டை வரைஞ்சு வைக்கணும்.

#17 கணிச்சம்

மீன் கிடைக்கும் இடம் சொல்லும் மீன்வளச் செய்தி வந்ததுக்காக கணிச்சத்தைப் பிள்ளைகள் விடுறது எனக்கு வருத்தம். அந்தச் செய்தி கடல் மேற்பரப்பின் சூடும் பச்சையமும் பார்த்துச் சொல்வது. மேகம் மூடினால் செயற்கைக்கோளுக்கு இரண்டும் தெரியாது. சாளைக்கும் நெத்திலிக்கும் உதவுற அளவுக்கு, 100 மீட்டர் ஆழத்தில் தூண்டில் விடும் சூரைக்காரனுக்கு நேரா உதவாது. அந்தச் செய்தி கோடு போட்டுக் காட்டும் இடத்துக்குப் போய், அங்கே நீவாடு எந்தப் பக்கம் இழுக்குது, பறவை எங்கே விழுதுன்னு பார்க்கறவனுக்குத்தான் மீன். இரண்டும் வேணும்.

#18 வள்ளவிளை விசைப்படகு

பித்தளைமுனை அண்ணன் கேட்ட அளவு: டிரான்ஸ்பாண்டர் முனையில் சும்மா இருக்கும்போது 12.1, வி.எச்.எஃப். அழுத்தும்போது 10.3. பேட்டரி முனையில் 12.1, 11.8. ஒயர் 1.5 சதுர மில்லி. 12 வோல்ட் ஒரே பேட்டரியிலிருந்துதான் எடுத்திருக்கு. பந்தலுக்கு மேலே குழாய் நிறுத்திக் கருவியை ஏத்தினதும் செய்திக்குப் பதில் வருது. மூடியில் பெயின்ட் தெறிச்சிருந்தது, மாத்தச் சொல்லியாச்சு. கன்வெர்ட்டர் வாங்கினால் பழைய இரண்டு பேட்டரியையும் வெச்சுக்கலாமா?

#19 பித்தளைமுனை

ஒயரில் ஒன்றரை வோல்ட் போகுது. அதில் 1.4 ஒயரின் தடிமன், மிச்சம் ஏதோ ஒரு இணைப்பு. ஃபியூஸ் ஹோல்டரைத் திறந்து பாருங்க.

பேட்டரி: இரண்டையும் பிரிச்சு, தனித்தனியா முழுக்கச் சார்ஜ் ஏத்தி, 12 மணி நேரம் சும்மா வைங்க. பிறகு அளங்க. இரண்டும் 12.6 பக்கத்தில் நின்னால் வெச்சுக்கலாம். ஒண்ணு 12.3-க்குக் கீழே இறங்கினால் இரண்டையும் சேர்த்தே மாத்துங்க, ஒரே கம்பெனி, ஒரே தேதி. புதுசையும் பழசையும் தொடராப் போட்டால் பழசு புதுசையும் கெடுத்துடும். 4 சதுர மில்லி ஒயர் சிவப்பு 10 மீட்டர், கறுப்பு 10 மீட்டர், பேட்டரி பக்கம் ஒரு அடிக்குள் ஃபியூஸ். ஜூலை கடைசி வாரத்துக்குத் தள்ளாதீங்க, அப்போ துறைமுகத்தில் வேலையாள் கிடைக்காது.